ஆறு மணிக்குள் ஆலம்பரை

கரை காணாமல் போனபோது எட்மண்டின் கைக்கடிகாரத்தில் மணி பத்தரை.

ஐந்து நிமிஷத்துக்கு முன்புவரை வலது பக்கம் சவுக்குத் தோப்பு கறுப்புக் கோடாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. வடக்கேயிருந்து ஒரு சாம்பல் மூட்டம் கிளம்பி வந்தது. தூறல் போட்டது. கரும்பலகையை டஸ்டரால் துடைத்த மாதிரி கோடு போய்விட்டது. சூரியனாவது தெரிகிறதா என்று அண்ணாந்து பார்த்தான். வானம் முழுக்க ஒரே நிறம்.

"போனால் போகட்டும்" என்று வாய்விட்டுச் சொன்னான். பதினாலு அடிப் பாய்மரப் படகில் அவன் ஒருத்தன்தான். வாய்விட்டுப் பேசினால் யார் கேட்கப் போகிறார்கள்?

முழங்காலுக்கு எதிரே காம்பஸ் இருந்தது. ஏதோ பழைய கப்பலிலிருந்து கழற்றியது; மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கியது. எட்டுப் பித்தளை ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தான். அதில் ஒரு பச்சை அட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தான். 'பரிசோதிக்கப்பட்டது. சரி.' கீழே அவன் கையெழுத்து.

ஆவடியில் அவன் வேலை பார்த்த ஃபேக்டரியின் வழக்கம் அது. எட்மண்ட் அங்கே எக்ஸாமினர். பத்தொன்பது வருஷமாக அடுத்தவன் கடைந்த போல்ட்டையும் பேரிங்கையும் அளந்து பார்த்துப் பச்சை அட்டை கட்டுகிறவன். அட்டை விழுந்த பொருளை அப்புறம் யாரும் அளந்து பார்ப்பதில்லை. பார்த்தால் அளந்தவனுக்கு அவமானம். சட்டை காலரைப் பிடித்துக் கேட்ட மாதிரி. தன் படகுக்கும் அதே சட்டத்தைத்தான் போட்டிருந்தான். பாய்க்கு ஓர் அட்டை, சுக்கானுக்கு ஓர் அட்டை, காம்பஸுக்கு ஓர் அட்டை.

இப்போது காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. முதுகுக் காற்றுக்குத் தகடு வேண்டாம் என்பது அவன் படித்த பாடம். படகின் நடுவயிற்றில் ஒரு பிளவு. அதற்குள் ஏற்றி இறக்குகிற தகடு ஒன்று. இறக்கினால் காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளாமல் பிடித்துக்கொள்ளும். ஏற்றினால் வேகம். கயிற்றைப் பிடித்து இழுத்தான். முப்பது கிலோ இரும்புத் தகடு கிறீச்சிட்டுக்கொண்டு மேலே ஏறி, காம்பஸுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

கண் பாயின் மேலேயே இருந்தது. திரும்பிக் காம்பஸைப் பார்த்தபோது படகு தென்மேற்கே போவதாகக் காட்டியது.

"அடடே, திரும்பிடுச்சே!"

சுக்கானைத் தள்ளினான். முள் தெற்கில் வந்து நின்றது; முதுகுக் காற்று இடது விலாவுக்கு வந்திருந்தது. திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டான்.

தெற்கேதான் ஆலம்பரை, கடலோரத்தில் ஓர் இடிந்த கோட்டை. அங்கே அவன் மனைவி சாராள் காத்திருப்பாள். மாலை ஆறு மணி வரை.

ஆறு மணி தாண்டினால் அவள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடுவாள். போனால் எட்மண்டின் வேலை போய்விடும்.

*

படகை அவன் கட்டியது ஆவடி குவார்ட்டர்ஸின் பின்பக்கத்தில், துணி காயப்போடுகிற இடத்தில். ஐந்து வருஷம். ஒட்டுப்பலகை, வஜ்ரப்பசை, அம்பத்தூர் எஸ்டேட் காயலான் கடை. பிளாட்பாரத்தில் கிடைத்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையின் நாலு பக்கப் படம்.

எதிர் குவார்ட்டர்ஸ் மனோகரன் தினமும் பல் விளக்கிக்கொண்டே விசாரிப்பான்.

"எட்மண்ட் சார், மெரினா கடலை ஆவடி வரைக்கும் நீட்டப் போறாங்களாமே? எஸ்டேட் ஆபீஸ்ல நோட்டீஸ் ஒட்டியிருக்காம்?"

எட்மண்ட் பலகையை இழைத்துக்கொண்டே இருப்பான். அவனால் ஓரிடத்தில் உட்கார முடியாது, அவ்வளவுதான். காலையில் சங்கு ஊதினால் உள்ளே, சாயங்காலம் சங்கு ஊதினால் வெளியே. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். சர்ச்சில் பாதிரி ஐயர் பிரசங்கம் செய்யும்போது முன்பெஞ்சு ஆட்டம் கண்டு திரும்பிப் பார்ப்பார்கள். படகு வேலை ஆரம்பித்த பிறகுதான் அந்தக் கால் கொஞ்சம் அடங்கியது.

மழைக்காலம் முடிந்து பருத்திப்பட்டு ஏரியில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது பாய் கட்டப் பழகினான். தரை தட்டும் என்பதால் தகடு இல்லாமலேயே.

ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னான். "கோவளத்துலேர்ந்து பாண்டிச்சேரி வரைக்கும். தனியா. மூணு நாள்."

சாராள் பள்ளிக்கூட டீச்சர். சாம்பார்க் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஃபேக்டரியில பர்மிஷன்?"

"கேட்டா குடுப்பாங்களா? சொந்த வேலைன்னு லீவு எழுதிக் குடுத்துட்டேன்."

"வழியில கல்பாக்கம் இருக்கு. அணுமின் நிலையம்."

"அஞ்சு கிலோமீட்டர் தள்ளிப் போயிடுவேன்."

"இலங்கையில சண்டை. கரையில புதுசா ஒரு போட்டைப் பார்த்தாலே போலீஸ்காரன் விரட்டிக்கிட்டு ஓடறான். மாட்டினா என்ன எழுதுவாங்க? பாதுகாப்புத் துறை ஊழியர், கள்ளப் படகு, அணுமின் நிலையத்துக்கு எதிர்ல. பத்தொம்பது வருஷ சர்வீஸும் குவார்ட்டர்ஸும் அன்னைக்கே காலி."

"மாட்ட மாட்டேன், சாராள்."

அவள் கரண்டியை எடுத்து அவன் தட்டில் சாம்பார் ஊற்றினாள். பிறகு கணக்கு டீச்சர் குரலில் சொன்னாள்.

"ஒவ்வொரு நாளும் ராத்திரி தங்கற இடத்துல நான் நிப்பேன். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும். ஆறு அடிச்சு போட் வரலேன்னா நான் வேலையைப் பத்தி யோசிக்க மாட்டேன். நேரா ஸ்டேஷனுக்குப் போயி என் புருஷனைத் தேடுங்கன்னு சொல்லுவேன். சம்மதமா?"

"சம்மதம்."

அப்படித்தான் 1988 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பாரிவாக்கம் கஜபதியின் ஜீப்புக்குப் பின்னால், அம்பாஸடர் அச்சில் செய்த டிரெய்லரில் ஏறிப் படகு பூந்தமல்லி வழியாகக் கடலுக்குக் கிளம்பியது. முதல் நாள் கோவளத்திலிருந்து மகாபலிபுரம். வெண்ணெயில் கத்தி விட்ட மாதிரி. இன்றைக்கு ஞாயிறு, காலை ஏழு மணிக்கு மகாபலிபுரத்தில் அலை தாண்டியாகிவிட்டது. ஜீப் செங்கல்பட்டு, மதுராந்தகம் என்று சுற்றிக்கொண்டு ஆலம்பரைக்கு வரும். படகு இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நாலு மணி நேரம் கையில் மிச்சம்.

அப்படித்தான் கணக்கு.

*

ஒரு மணிக்கு ஒரு கட்டுமரம் எதிர்ப்பட்டது.

பழுப்புப் பாய். இரண்டு பேர். ஒருவர் பெரியவர், தலையில் பனையோலைத் தொப்பி. இன்னொருவன் இளவட்டம். பக்கத்தில் வந்ததும் பாயைத் தளர்த்திவிட்டு எட்மண்டை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"யோவ்! எங்கய்யா போற?"

"ஆலம்பரைக்கு!"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இளவட்டம் சிரித்துவிட்டான்.

"இப்டியே போனா அந்தமான்ல டீ குடிக்கலாம், மாமே!"

"கிண்டல் வேண்டாம். கரை எந்தப் பக்கம்?"

பெரியவர் துடுப்பை நீட்டினார். எட்மண்டின் வலது தோளுக்குப் பின்னால்.

எட்மண்ட் காம்பஸைப் பார்த்தான். அவர் காட்டியது வடமேற்கு. அவன் தாண்டி வந்த பக்கம். அங்கே போனால் நேராக அணுமின் நிலையத்தின் வாசலில்தான் நிற்க வேண்டும்.

"அது வடமேற்கு, பெரியவரே. நான் வந்த வழி அது."

"வடமேக்கோ கிடமேக்கோ, எனக்குத் தெரியாது நைனா. ஊடு அங்க கீது. நாங்க ஊட்டுக்குப் போய்கினு கீறோம்."

"காத்து கிழக்கே மாறிடுச்சு. அதனால உங்களுக்கு அப்படித் தோணுது."

"காத்து மாறிச்சா?" பெரியவர் காறித் துப்பினார். "காலைலேர்ந்து அதே வாடைக் காத்துதான்யா. அது மாறல. நீதான் மாறிட்ட."

"இன்னா மாமே, சிலோனுக்கு எதுனா சரக்கு ஏத்திகினு போறியா?" இளவட்டம் எட்டிப் பார்த்தான். "பொட்டியில இன்னா?"

"நான் கவர்ன்மென்ட்..." எட்மண்ட் நாக்கைக் கடித்துக்கொண்டான். "பொட்டியில ரொட்டி."

"ரொட்டிக்கா இவ்ளோ பெரிய பொட்டி!"

"சும்மா இருடா" என்று அதட்டிவிட்டுப் பெரியவர் கையால் கடலைத் தொட்டுக் காட்டினார். "தண்ணி கலரப் பாரு நைனா. இது கரைத் தண்ணியா? மசி மாரி கீது. பேச்சக் கேளு. எங்க பின்னாலயே வா."

தண்ணீர் கறுநீலமாகத்தான் இருந்தது. எட்மண்டின் மனதுக்குள் ஏதோ ஒன்று லேசாக நகர்ந்தது. அதே சமயம் இன்னொரு குரல் கேட்டது. 'இவர்கள் யார்? எதற்காக என்னைக் கல்பாக்கம் பக்கம் திருப்பப் பார்க்கிறார்கள்? கூட்டிக்கொண்டு போய் ஒப்படைத்தால் இவர்களுக்கு நல்ல பெயர்.' பச்சை அட்டை காற்றில் படபடத்தது. கையெழுத்துப் போட்டவன் அவன். வேறு யாருமில்லை.

"நீங்க போங்க. எனக்கு வழி தெரியும்."

"தெரிஞ்சாச் செரி" என்றார் பெரியவர். கட்டுமரம் பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கமே போய், மூட்டத்துக்குள் கரைந்தது.

எட்மண்ட் தன் முள் காட்டிய தெற்கில் இன்னும் ஒன்றரை மணி நேரம் ஓட்டினான்.

*

இரண்டு மணி ஆனது. ஆலம்பரை இல்லை. இரண்டே கால். எதுவும் இல்லை. கால் ஆட ஆரம்பித்தது.

பின்னால் நுரைத் தடத்தைப் பார்த்தான். நேராக இல்லை, கோணலாகக் கிடந்தது. படகு நண்டு மாதிரி பக்கவாட்டில் நழுவிக்கொண்டிருந்தது. காற்று விலாவில் அடிக்கும்போது தகடு இறங்கியிருக்க வேண்டாமா? மடையன்!

கயிற்றை அவிழ்த்தான். தகடு கடகடவென்று இறங்கியது.

காம்பஸ் முள் நகர்ந்தது.

படகு திரும்பவில்லை. சுக்கானை அவன் அசைக்கவில்லை. முள் மட்டும், யாரோ விரலால் தள்ளின மாதிரி, தெற்கை விட்டுவிட்டுத் தென்கிழக்கில் போய் நின்றது.



பத்தொன்பது வருஷப் பழக்கம் கையை நகர்த்தியது. தகட்டை ஏற்றினான், தெற்கு. இறக்கினான்; தென்கிழக்கு. ஏற்றினான்; தெற்கு. மூன்று முறை அளந்தால் அது அளவு.

இரும்பு!

பத்திரிகைப் படத்தில் அந்த இடத்தில் மரப்பலகை என்றுதான் போட்டிருந்தது. மரமாவது ஒன்றாவது என்று மாற்றியவன் அவன். கவச வண்டி செய்கிற ஃபேக்டரியில் இருக்கிறவன் மரத்தை எங்கே நம்பினான்? பத்து மில்லி இரும்புத் தகடு. போன வாரம்தான் மாட்டினான். காம்பஸைப் பரிசோதித்தது போன ஜூன் மாதம். அட்டை கட்டியாகிவிட்டதே, அப்புறம் எதற்குப் பார்ப்பது?

அந்தக் கட்டுமரக்காரர் காட்டியதுதான் மேற்கு. காற்று மாறவேயில்லை. நாலு மணி நேரமாக அவன் வங்காள விரிகுடாவின் நடுவை நோக்கி ஒழுங்காக, நேராக, தன் கையெழுத்தை நம்பிப் போய்க்கொண்டிருந்தான்.

பச்சை அட்டையைப் பிய்த்துத் தண்ணீரில் வீசினான். அழுகை வந்தது, நேரமில்லை. கணக்குப் போட்டான். மணிக்கு ஏழு கிலோமீட்டர். கரையிலிருந்து இருபத்தைந்தாவது இருக்கும். ஆலம்பரை அநேகமாக நேர் மேற்கில். மூன்றரை மணி நேரம்.

மணி இரண்டரை.

தகடு கீழேயே இருக்க, படகை மேற்கே திருப்பினான். பாய் புடைத்தது.

"அவசரப்படாதே சாராள்" என்றான். "அவசரப்படாதே."

*

மூன்றரைக்குக் காற்று தளர்ந்தது.

எட்மண்ட் பாயைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், படகில் இருந்த பொருள்களைப் பார்த்தான். கனம் குறைந்தால் வேகம் கூடும். முதலில் தண்ணீர்க் கேன் போனது. ஒரு பாட்டில் மட்டும் நிறுத்திக்கொண்டான். பிறகு கருவிப் பெட்டி, ஸ்பேனர் ஸ்பேனராகப் பார்த்துச் சேர்த்தது. கண்ணை மூடிக்கொண்டு தள்ளினான். ஸ்டவ். கூடாரத் துணி. கடைசியில் நங்கூரம். அவன் கையாலேயே வெல்டிங் செய்த நங்கூரம், இருபது கிலோ. ஒரு நிமிஷம் தயங்கினான். அதுவும் போனது.

படகு லேசாகத் தலை நிமிர்த்தியது. நாலே காலுக்குக் காற்று மறுபடி பிடித்தது. மூட்டமும் கலைந்தது.

உதடு உப்பில் வெடித்திருந்தது. சுக்கான் பிடித்த கை விரல்கள் விரிய மறுத்தன. மனசு மட்டும் படகைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. சாராள் இப்போது கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள். இப்போது எழுந்து நிற்பாள். இப்போது கஜபதியிடம் ஜீப்பைத் திருப்பச் சொல்வாள். சொன்னால் சொன்னதுதான் அவள். ஒரு மார்க் குறைந்தாலும் ஃபெயில் போடுகிற டீச்சர்.

ஐந்து இருபதுக்குப் பனைமரங்கள் தெரிந்தன. அப்புறம் வெள்ளையாக அலைக்கோடு. அப்புறம், இடது பக்கம், தூரத்தில், இடிந்த கோட்டைச் சுவர்.

ஆலம்பரை! ஆனால் மூன்று கிலோமீட்டர் தெற்கே.

மணி ஐந்து முப்பத்தைந்து. காற்று மறுபடி ஓய்ந்துகொண்டிருந்தது. கரையை ஒட்டிப் படகிலேயே போனால் அரை மணிக்கு மேல் ஆகும், அப்புறம் அலை தாண்டி இறங்க வேண்டும். இங்கேயே ஏற்றிவிட்டு ஓடினால்?

இங்கே ஏற்றினால் படகைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கட்டிப்போட நங்கூரம் இல்லை.

எட்மண்ட் யோசித்தது அரை நிமிஷம். ஐந்து வருஷத்தை அந்த அரை நிமிஷத்தில் கூட்டிக் கழித்தான். தகட்டை மேலே இழுத்தான். படகின் மூக்கைக் கரைக்குத் திருப்பினான்.

முதல் அலை தூக்கியது. இரண்டாவது அலை திருப்பியது. மூன்றாவது அலை படகைப் பக்கவாட்டில் மணலில் அறைந்தது. ஒட்டுப்பலகை எங்கோ 'படீர்' என்றது. எட்மண்ட் குதித்தான். முன்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மாடு மாதிரி இழுத்தான். ஒரு கஜம் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. ஒரு சிப்பி குதிகாலைக் கிழித்தது.

ஐந்து நாற்பத்தாறு.

கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினான்.

*

டிரெய்லர் மட்டும்தான் இருந்தது.

கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில், ஜீப்பிலிருந்து கழற்றி விடப்பட்டு, மூக்கை மணலில் ஊன்றிக்கொண்டு நின்றது. சக்கரத் தடம் ஊர்ப் பக்கம் போயிருந்தது. மணி ஆறு ஏழு.

ஓலைக் கீற்று டீக்கடையில் ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இங்க ஒரு ஜீப்... ஒரு அம்மா..."

"நீதான் அந்த ஆளா?" அவள் எழுந்தாள். "நாலு மணிலேந்து அந்தம்மா நின்ன கால் நின்னாப்லயே நின்னுது. ரேடியோவுல ஆறு மணி சொல்லிச்சு. உடனே வண்டில ஏறிடுச்சு. போலீஸ் டேசனுக்கு."

"எவ்வளவு தூரம்?"

"ரோட்டோடயே ஒரு மைலு. மொதல்ல தண்ணி குடி, காலெல்லாம் ரத்தம்..."

அவள் முடிப்பதற்குள் எட்மண்ட் ரோட்டில் இருந்தான்.

ஸ்டேஷன் வாசலில் ஜீப். அதில் சாய்ந்துகொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்த கஜபதி அவனைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டான்.

"அண்ணாத்தே! உசுரோட கீறியா!"

"சாராள்?"

"உள்ள. எய்தி வாங்கிகினு கீறாங்க."

எழுதிக்கொண்டிருக்கிறார்கள். முடிந்தது. எட்மண்ட் படியேறினான். உள்ளே குண்டு பல்பு. மேஜைக்குப் பின்னால் தொப்பியில்லாத ஏட்டு. எதிரே பெஞ்சில் சாராள், முதுகு நேராக, கைப்பை மடியில்.

அவள் திரும்பினாள். அவனை உச்சியிலிருந்து ரத்தம் சொட்டுகிற குதிகால் வரை பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. கைப்பையின் வாரைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப் போயின.

"இவர்தான்" என்றாள்.

"இவரா?" ஏட்டு பேனாவை மூடாமல் நிமிர்ந்தார். "காணாமப் போனவரு தானே வந்து நிக்கறாரு! என்னய்யா, எங்க போயிருந்த?"

"கடல்ல... காத்து இல்லாம..."

"பேரு எட்மண்ட். வயசு நாப்பத்திரண்டு. எழுதியாச்சு. என்ன வேலை பாக்கற?"

எட்மண்ட் வாயைத் திறந்தான். சாராளின் செருப்பு அவன் கால் கட்டைவிரலை நசுக்கியது.

"அதான் சொன்னேனே, சார்" என்றாள் சாராள். "வேலை வெட்டி எதுவும் கிடையாது. என் சம்பளத்துல சாப்பிடறாரு. பொழுது போகாம யார்கிட்டயோ ஒரு மீன்பிடி தோணியை வாங்கிக்கிட்டு இப்படிச் சுத்தறாரு."

ஏட்டு எட்மண்டைப் பார்த்தார். "நெசமாய்யா?"

பத்தொன்பது வருஷ சர்வீஸ். ஒரு நாள் லேட் கிடையாது. சிறந்த எக்ஸாமினர் என்று இரண்டு முறை கைதட்டல். 

"ஆமாங்க."

"நல்லாருக்குய்யா! பொம்பள சம்பாதிக்கறா, நீ கடல்ல சவாரி பண்ற. இவங்க முகத்தப் பாத்தியா? ஒரு சொட்டுக் கண்ணீர் விடாம அத்தனையும் ஒண்ணொண்ணா சொன்னாங்க. நானா இருந்தா உன்னை அங்கயே விட்டிருப்பேன்." எழுதின தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "ஏதாவது ஒரு வேலையத் தேடிக்க. போ."

"தேடிக்கறேங்க" என்றான் எட்மண்ட்.

*

சாராள் வாசலுக்கு வந்தாள். ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று எட்மண்டுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் போனான். அவன் ஈரச் சட்டையைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினாள்.

"நாலு மணிலேர்ந்து நின்னு யோசிச்சேங்க. புருஷனும் வேணும், உத்தியோகமும் வேணும். என்னத்த சொல்றதுன்னு ஆறு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்பதான் தோணுச்சு."

"ஆறு ஏழுக்கு டிரெய்லர்கிட்ட வந்துட்டேன்ல?"

"ஏழு நிமிஷம் லேட்டு. டிரெய்லர்கிட்டேயே."

"காம்பஸ் தப்பு. நான்தான்... தகடு இரும்பு, அது முள்ளை இழுத்து..."

"அப்புறம் சொல்லுங்க."

"போட்டு எங்க அண்ணாத்தே?" என்று கஜபதி கேட்டான்.

எட்மண்ட் வடக்கே கை காட்டினான். "மூணு கிலோமீட்டர். கட்டலை. பலகை உடைஞ்சிருக்கு. அலை ஏறினா இழுத்துக்கிட்டுப் போயிடும்."

"அப்போ ஏறு, ஏறு! கயிறு கீது, நாலு ஆளுங்களைக் கூப்ட்டுக்கலாம்."

சாராள் நகரவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. கடல் பக்கமிருந்து வாடைக் காற்று மறுபடி கிளம்பி அவள் தலைமுடியைக் கலைத்தது. எட்மண்டின் முகம் அனிச்சையாக அந்தக் காற்றுக்குத் திரும்பியது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். உண்மையைச் சொல்லணும். போட்டைச் சரி பண்ணினா மறுபடி போவீங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். மூன்றெழுத்து வேலைதான். அவள் கேட்க விரும்புவதும் அதுதான். எட்மண்ட் வாயைத் திறந்தான். பொய் வரவில்லை.  குதிகால் விண்விண்ணென்று தெறித்தது; ஆனாலும் கால் நிற்காமல் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

சாராள் அந்தக் காலைப் பார்த்தாள்.

"சரி" என்றாள். "ஏறுங்க. தண்ணி ஏறுறதுக்குள்ள போய் இழுக்கலாம்."